முகாம் மாறினாலும் கூடவே வரும் வேலை

கேள்வி: வணக்கம் அக்கா. நான் தமிழ்நாட்டில் பி.காம். படித்துவிட்டு 2018-லிருந்து இரண்டு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன். 2020-ல் கல்யாணம். கணவர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட். தமிழ் தெரியும் என்பதால் 2015-ல் மொழித் திட்டம் ஒன்றில் சேர்ந்து, பிறகு குடியுரிமையும் வாங்கியவர். 2021-ல் நான் கிரீன் கார்டில் வந்தேன். கேன்சஸில் இரண்டு வருஷம் இருந்தோம். இப்போது டெக்சாஸில் கில்லீன் பக்கம். அடுத்த கோடையில் ஜெர்மனி என்கிறார்கள். மூன்று வயதில் ஒரு மகள்.

இங்கே வந்ததிலிருந்து நாற்பது வேலைக்காவது விண்ணப்பித்திருப்பேன், இரண்டே இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். தோழி நர்சிங் படி என்கிறாள். கணவர் மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களை பில்லுக்கான குறியீடாக மாற்றும் வேலை) என்கிறார். போன வாரம் ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து போன் செய்து, ராணுவம் கொடுக்கும் 4,000 டாலரையும் தங்கள் ஆன்லைன் வகுப்புக்கே கட்டிக்கொள்ளலாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். கணவருடைய படிப்பு உதவியை எனக்கு மாற்றலாமா, மகளுக்கு வைக்கலாமா என்பதில் வீட்டில் பேச்சு முடியவில்லை. நான் படித்தது வீண்தானா? திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டுமா? ரெஸ்யூமேயில் இருக்கும் இந்த ஐந்து வருஷ இடைவெளிக்கு என்ன எழுதுவது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் அவசரமானது அந்த வெள்ளிக்கிழமைதான். அதை முதலில் முடித்துவிடுவோம். அவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். மாதக் கடைசிக்குள் ஆள் சேர்த்துக் காட்ட வேண்டிய அவசரம் அவர்களுடையது, உங்களுடையது இல்லை.

அவர்கள் சொன்ன 4,000 டாலரின் பெயர் மைகா. ராணுவத்தில் முழுநேரப் பணியில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்குத் தரும் கல்வி உதவி அது. வாழ்நாளுக்கும் மொத்தம் 4,000. ஒரு நிதியாண்டுக்கு, அதாவது அக்டோபரிலிருந்து செப்டம்பர் வரைக்கும், 2,000-தான் கிடைக்கும். படிப்பின் கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்தால் இந்த வருட வரம்பைத் தளர்த்துவார்கள். சில நிறுவனங்கள் தங்கள் வகுப்பின் விலையைச் சரியாக 4,000-க்குப் பக்கத்தில் வைத்து, ஒரே தவணையாகக் கேட்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும். ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"நாங்கள் மைகா பட்டியலில் இருக்கிறோம்" என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பணத்தை அங்கே கட்டலாம் என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். அங்கே படித்தால் வேலை கிடைக்கும் என்று யாரும் முத்திரை குத்தவில்லை.

மைகாவில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியவை சில உண்டு. பி.ஏ., பி.எஸ். மாதிரி நான்கு வருடப் பட்டத்துக்கு அது செல்லாது. தொழில் உரிமம், சான்றிதழ், இரண்டு வருட அசோசியேட் பட்டம் இவற்றுக்குத்தான். புத்தகம், லேப்டாப் வாங்க முடியாது. வகுப்பு தொடங்கும் முன்பே அனுமதி வாங்கியாக வேண்டும். முதலில் கட்டிவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால் ஒரு டாலர்கூட வராது. அப்புறம் பதவி வரம்பு. சிப்பாய்கள் வரிசையில் இ-6 என்ற சம்பளப் படிநிலை வரைக்கும்தான். உங்கள் கணவர் இப்போது சார்ஜென்ட், இ-5. அடுத்தது ஸ்டாஃப் சார்ஜென்ட் ஆனாலும் உங்களுக்குத் தகுதி இருக்கும். அதற்கும் மேலே போனால் கதவு மூடிவிடும், ஆனால் அதற்குள் உங்கள் படிப்புத் திட்டத்துக்கு அனுமதி வாங்கியிருந்தால் தொடரலாம். பதவி உயர்வுக்கு வீட்டில் பாயசம் வைக்கும்போது இதைச் சொல்ல யாருக்கும் தோன்றாது, அதனால்தான் நான் சொல்கிறேன்.

இந்தத் திட்டம் 2009-ல் தொடங்கியபோது எல்லாப் பதவிக்காரர் குடும்பத்துக்கும் 6,000 டாலர் கொடுத்தார்கள். விண்ணப்பம் குவிந்து பணம் தாக்குப்பிடிக்காமல் 2010 பிப்ரவரியில் திடீரென்று நிறுத்தினார்கள். அதே வருடம் அக்டோபரில் திரும்ப வந்தபோது 4,000-ஆகிவிட்டது, பதவி வரம்பும் வந்துவிட்டது. அரசாங்க உதவி எப்போதும் அங்கேயே இருக்கும் என்று எண்ணி வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். அதற்காக வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

சரி, எதைப் படிப்பது?

நான் சொல்லும் கணக்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும் உங்களைப் போன்றவர்கள், ஒரு வேலையின் சம்பளத்தைப் பார்க்கும் முன் அந்த வேலைக்கான உரிமத்தை யார் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆசிரியர், நர்ஸ், முடி திருத்துபவர், ரியல் எஸ்டேட் தரகர் என்று பல தொழில்களுக்கு உரிமம் தருவது மாநிலம். எல்லை தாண்டினால் கதை மாறும். நான் ஒரு மாநிலத்தில் பள்ளி ஆசிரியர் உரிமம் வாங்கி ஒன்றரை வருடம் பாடம் நடத்தினேன். கணவருக்கு மாறுதல் வந்து புது மாநிலத்துக்குப் போனபோது, அதே பாடம், அதே வகுப்பு, ஆனால் திரும்பவும் தேர்வு, திரும்பவும் கைரேகை, திரும்பவும் கட்டணம். காகிதம் கையில் வந்தபோது அடுத்த மாறுதல் உத்தரவும் வந்துவிட்டது. அந்த உரிமம் இன்றும் ஒரு ஃபைலில் கசங்காமல் இருக்கிறது, ஒரு நாள்கூடப் பயன்படவில்லை.

இப்போது நிலைமை என் காலத்தைவிடப் பரவாயில்லை. 2023 ஜனவரியில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, ராணுவ மாறுதலில் வேறு மாநிலம் போகும் துணைவருக்கு ஏற்கெனவே செல்லுபடியாகும் உரிமம் இருந்தால், புது மாநிலம் சில நிபந்தனைகளோடு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மாறுதல் உத்தரவின் நகலைக் காட்ட வேண்டும். திரும்ப உரிமம் வாங்கும் செலவில் ஒரு மாறுதலுக்கு 1,000 டாலர் வரை ராணுவம் திருப்பித் தருகிறது. நர்சுகளுக்கு, ஒரே உரிமத்தைத் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ள 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்த ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. டெக்சாஸும் கேன்சஸும் அதில் உண்டு, கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் இல்லை. ஆகவே உங்கள் தோழி சொல்வது தப்பில்லை, நர்சிங் நல்ல வேலை. ஆனால் உங்கள் கடிதம் முழுக்கப் படித்தேன், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஆசை ஒரு வரியில்கூட இல்லை. மூன்று வயதுக் குழந்தையோடு, ஜெர்மனி மாறுதலை எதிர்பார்த்துக்கொண்டு, மருத்துவமனைப் பயிற்சி நேரங்களோடு மல்லுக்கட்டுவதற்கு ஆசை முதலில் வேண்டும்.

மெடிக்கல் கோடிங் வீட்டிலிருந்து செய்யலாம் என்பதால் ராணுவக் குடும்பங்களில் அதற்கு நல்ல பேர். ஆனால் தேர்வில் தேறிய புதிதில் பெயருக்குப் பின்னால் "பயிற்சி நிலை" என்ற அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும், அனுபவம் காட்டினால்தான் அது நீங்கும். முதல் வேலை கிடைப்பதுதான் கஷ்டம். உங்களுக்கு அதில் அனுபவம் பூஜ்யம். கணக்கில் இரண்டு வருடம் இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டுப் பூஜ்யத்துக்கு ஏன் போக வேண்டும்?

உங்களுக்கு நான் சொல்வது என்ரோல்டு ஏஜென்ட், சுருக்கமாக ஈ.ஏ. வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். முன்பு வரி செலுத்துபவருக்காக ஆஜராகும் உரிமை பெற்றவர். ஆஜராவது என்றால் நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது, தணிக்கையில் கூட உட்காருவது, மேல்முறையீடு செய்வது எல்லாம் சேர்த்து. இதைத் தருவது மத்திய அரசு, மாநிலம் இல்லை. டெக்சாஸில் வாங்கினால் அலாஸ்காவிலும் அதே ஈ.ஏ.தான். பட்டம் தேவையில்லை, குடியுரிமை தேவையில்லை. உங்கள் மூன்று வருட பி.காம். இங்கே நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமா இல்லையா என்ற தலைவலியும் இல்லை.

இதன் பிறப்பிலும் ராணுவம் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, போரில் போன குதிரைகளுக்கு இழப்பீடு கேட்டு ஏராளமான மனுக்கள் வந்தன, பொய்க் கணக்கும் கலந்தது. மக்களுக்காக அரசிடம் வாதாடும் ஏஜென்டுகளை ஒழுங்குபடுத்த 1884-ல் சட்டம் போட்டார்கள். இன்றைய ஈ.ஏ.வின் வேர் அங்கிருந்துதான் வருகிறது. செத்த குதிரைக்குக் கணக்கு கேட்டதில் தொடங்கிய தொழில்!

தேர்வு மூன்று பகுதி: தனிநபர் வரி, தொழில் நிறுவனங்களின் வரி, நடைமுறையும் பிரதிநிதித்துவமும். ஒவ்வொன்றிலும் நூறு கேள்விகள், மூன்றரை மணி நேரம். மூன்றையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டாம். ஒன்றில் தேறினால் மூன்று வருடத்துக்கு அது கணக்கில் இருக்கும், அதற்குள் மற்றவற்றை முடித்தால் போதும். மார்ச், ஏப்ரலில் தேர்வு கிடையாது. இரண்டாம் பகுதியில் பங்குதாரர் நிறுவனம், கம்பெனி, தேய்மானம் எல்லாம் வரும். இதுதான் கடினம் என்று பலர் சொல்வார்கள். டெபிட், கிரெடிட் ரத்தத்தில் ஊறிய உங்களுக்கு அது பழக்கமான பாதை. முதல் பகுதிதான் புதிது, அதற்கு நேரம் கொடுங்கள். தேறிய பிறகு உங்கள் சொந்த வரிக் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஆகவே ஏதாவது வருடம் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். ஜெர்மனி போன பிறகு தேர்வு மையம் தேடி அலையாமல், கிளம்பும் முன் இரண்டு பகுதியாவது முடித்துவிடப் பாருங்கள்.

மைகா பணத்தை இதோடு எப்படிச் சேர்ப்பது? கில்லீனிலேயே சென்ட்ரல் டெக்சாஸ் காலேஜ் இருக்கிறது, ராணுவ முகாம்களில் வகுப்பு நடத்திப் பழகிய கம்யூனிட்டி காலேஜ். அங்கே கணக்கியல் சான்றிதழ் வகுப்புகள் பற்றிக் கேளுங்கள். தனியார் பயிற்சி நிறுவனம் கொடுக்கும் காகிதத்தில் கல்லூரி கிரெடிட், அதாவது பின்னால் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பு, பெரும்பாலும் இருக்காது. கம்யூனிட்டி காலேஜில் கிரெடிட் உள்ள பாடங்களாகப் பார்த்து எடுங்கள், நாளைக்கு நம் ஊர் சி.ஏ. மாதிரியான சி.பி.ஏ. பக்கம் போக ஆசை வந்தால் அந்த கிரெடிட் பேசும். முழுநேர ராணுவப் பணியில் இருப்பவரின் குடும்பத்துக்கு, அவர் பணியிடம் இருக்கும் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் உள்ளூர்வாசிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று 2008 சட்டம் சொல்கிறது. படிப்பு விடாமல் தொடர்ந்தால், கணவர் மாற்றலாகிப் போன பிறகும் அதே கட்டணம். தேர்வுக் கட்டணத்தையும் மைகாவில் சேர்க்க முடியுமா என்று ராணுவத் துணைவர்களுக்கான தொழில் ஆலோசகர்களிடம் கேளுங்கள். சீகோ என்ற திட்டம் அது, பாதுகாப்புத் துறையின் உதவிச் சேவையான மிலிட்டரி ஒன்சோர்ஸ் வழியாக இலவசம். விண்ணப்பத்தை எப்படிப் பூர்த்தி செய்வது என்று அவர்கள் வழிகாட்டுவார்கள்.

ஊரில் அண்ணனோ அப்பாவோ இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தில் உங்கள் மதிப்பெண் சான்றிதழை ஒட்டிய உறையில், முத்திரையோடு, வெளிநாட்டுப் பட்டத்தை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேரே அனுப்பச் சொல்ல வேண்டும். மூன்று வருட இந்தியப் பட்டத்தைச் சில மதிப்பீட்டு நிறுவனங்கள் மூன்று வருடக் கல்லூரிப் படிப்பாக மட்டும் எழுதும், சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நிபந்தனைகளில் முழுப் பட்டமாக ஏற்கும். பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். ஈ.ஏ.வுக்கு இது வேண்டாம், ஆனால் பல்கலைக்கழகத்து ஜன்னலில் கையெழுத்து வாங்க எத்தனை நடை ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். தேவை வரும்போது தொடங்கினால் ஒரு செமஸ்டர் போய்விடும்.

அனுபவம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. ஐ.ஆர்.எஸ். நடத்தும் வீட்டா என்ற தன்னார்வத் திட்டம் 1969-லிருந்து இருக்கிறது. எளியவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பார்கள், பல ராணுவ முகாம்களிலும் நடக்கிறது. பயிற்சி இலவசம், தேர்வு ஆன்லைனில். அடிப்படை, மேம்பட்டது என்று படிகள் உண்டு, அதில் ராணுவத்துக்கென்றே தனிச் சான்றும் உண்டு. போர்க்களப் பகுதியில் வாங்கிய சம்பளத்துக்கு வரி விலக்கு, மாறுதல் செலவைக் கழிப்பது போன்றவை அதில் வரும். மாறுதல் செலவுக் கழிவு 2017 சட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய மற்ற எல்லோருக்கும் போய்விட்டது, ராணுவத்தினருக்குத்தான் மிச்சம். வெளியே இருக்கும் பல வரி ஆலோசகர்களுக்கு இதில் பழக்கம் குறைவு. முகாமுக்குள் வாழ்கிறவருக்கு இதெல்லாம் வீட்டுப் பேச்சு.

இந்த ஜனவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை, வாரத்தில் இரண்டு நாள், ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காருங்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் டபிள்யூ-2 தாளைக் கசங்கலாக நீட்டி, "எனக்கு ஏன் இரண்டு மாநிலத்தில் வரி பிடித்திருக்கிறார்கள்?" என்று கேட்பான். அதற்கு விடை கண்டுபிடிக்கும் அரை மணி நேரம், ஒரு மாத வகுப்புக்குச் சமம். சம்பளம் கிடையாதுதான். ஆனால் ரெஸ்யூமேயில் "அமெரிக்க அனுபவம்" என்ற கட்டம் நிரம்பிவிடும். நாற்பது விண்ணப்பத்துக்கு இரண்டு அழைப்பு வந்ததற்குக் காரணம் அந்தக் கட்டம் காலியாக இருந்ததுதான் என்பது என் கணிப்பு. அதோடு, வேலை தேடும் ராணுவத் துணைவர்களில் 21 சதவீதம் பேருக்கு வேலை இல்லை என்று பாதுகாப்புத் துறையின் 2021 கணக்கெடுப்பே சொல்கிறது. குறை உங்களிடம் மட்டும் இல்லை.

போகிற போக்கில் உங்கள் வீட்டு வரியையும் பாருங்கள். ராணுவத் துணைவர் கணவரின் சட்டபூர்வ மாநிலத்தையே தன் வரி மாநிலமாக வைத்துக்கொள்ளலாம். மாநில வருமான வரியே இல்லாத டெக்சாஸை அவர் தன் மாநிலமாகப் பதிவு செய்திருந்தால், நாளைக்கு வேறு மாநிலத்தில் வீட்டிலிருந்து சம்பாதிக்கும் சம்பளத்துக்கும் மாநில வருமான வரி இல்லாமல் இருக்க வழி உண்டு. அவருடைய சம்பளச் சீட்டில் எந்த மாநிலம் போட்டிருக்கிறது என்று இன்று ராத்திரியே பார்க்கலாம். உங்கள் முதல் கட்சிக்காரர் அவர்தான்.

ஜெர்மனியைப் பற்றிக் கொஞ்சம் கவனம். ராணுவக் குடும்பமாக அங்கே தங்குவது சோஃபா என்ற இருநாட்டு ஒப்பந்தத்தின் கீழ். அந்த அந்தஸ்தில் இருந்துகொண்டு வேலை செய்வதற்கும், சொந்தமாகத் தொழில் நடத்துவதற்கும் விதிகள் இருக்கின்றன. முகாம் வீட்டிலிருந்து கட்டணம் வாங்கி வரிக் கணக்கு போடுவது என்றால் முகாம் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், இது டெக்சாஸிலும் அப்படித்தான். அமெரிக்க நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தால், வெளிநாட்டிலிருந்து தொடர அவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் "எல்லாரும் செய்யறாங்க" என்று சொல்வதை நம்பித் தொடங்காதீர்கள். முகாமின் சட்ட உதவி அலுவலகம் இலவசம், அங்கே எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வரித் தொழிலில் இருப்பவருக்கு இதில் சறுக்கினால் உரிமத்துக்கே ஆபத்து.

அடுத்தது, நீங்கள் கடிதத்தில் கேட்கவே கேட்காத விஷயம்: குடியுரிமை. அமெரிக்கக் குடிமகனை மணந்து அவரோடு வாழ்பவர், கிரீன் கார்டு வாங்கி மூன்று வருடத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் 2021-ல் வந்தவர், அந்தக் காலம் முடிந்துவிட்டது. என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்தை ஏன் இன்னும் போடவில்லை? வெளிநாட்டு மாறுதலில் போகும் ராணுவத் துணைவருக்கு அந்த மூன்று வருடமும் வேண்டாம் என்ற தனி வழிகூட இருக்கிறது, உங்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்வது எவ்வளவோ நிம்மதி. இந்தியக் குடியுரிமையை விட்டுவிடுவது வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. வேலைக் கணக்கில் பார்த்தால் இதுதான்: மத்திய அரசு வேலைகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கு மட்டும். 2008-ல் வந்த அதிபர் உத்தரவின் வழியாக, தகுதி இருக்கும் ராணுவத் துணைவரைப் பொதுப் போட்டி இல்லாமலே அலுவலகங்கள் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். மத்திய அரசு வேலைகளுக்கான யு.எஸ்.ஏ. ஜாப்ஸ் தளத்தில் ராணுவத் துணைவர்களுக்கென்று தனி வடிகட்டி இருக்கிறது. ஜெர்மனி முகாமில் கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலியானால் அந்த வழியில் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்றால், கையில் குடியுரிமை வேண்டும். அரசில் ஆள் எடுப்பது ஏறும், இறங்கும். கதவு திறக்கும் நாளில் வாசலில் நிற்பது நம் கையில்.

இனி வீட்டில் முடியாத அந்தப் பேச்சு. 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் என்ற அந்தக் கல்வி உதவி 36 மாதம். கணவருக்குப் பத்து வருட சேவை ஆகிவிட்டது, ஆறு வருடம் முடிந்தாலே மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் இன்னும் நான்கு வருடம் சேவை செய்கிறேன் என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கா மகளுக்கா என்று சண்டை போட்டுக்கொண்டே பலர் முக்கியமான ஒன்றைத் தவற விடுகிறார்கள். மாற்றும் வேலையை அவர் பணியில் இருக்கும்போதே செய்தாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு புதிதாக ஒருவர் பெயரைச் சேர்க்க முடியாது. ஏற்கெனவே பெயர் இருந்தால் மாதங்களைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே அந்த நான்கு வருடத்துக்கு அவர் மனது ஒப்புகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒப்பினால், உங்கள் பெயரிலும் மகள் பெயரிலும் ஆளுக்கு ஒரு மாதமாவது போட்டுவிடச் சொல்லுங்கள். யாருக்கு எத்தனை என்பதை மகள் பத்தாவது படிக்கும்போதுகூடப் பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் அதை இப்போதே தொட வேண்டாம் என்பது என் கருத்து. அவர் பணியில் இருக்கும்வரை துணைவருக்கு அந்தத் திட்டத்தின் வீட்டு வாடகைப் படி கிடைக்காது. மைகா போன்ற சின்னப் பணம் முதலில் காலாவதியாகும், அதைச் செலவழியுங்கள். பெரிய பணம் நிற்கட்டும். ஈ.ஏ. வாங்கி இரண்டு மூன்று வரிக் காலம் பார்த்துவிட்டு, இந்தத் தொழில் பிடித்திருக்கிறது, சி.பி.ஏ. ஆகியே தீருவேன் என்று தோன்றினால், அப்போது கணக்கியல் மேல்படிப்புக்கு அதைத் திறக்கலாம்.

மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இது எதுவும் நடக்காது, தெரியும். முகாமின் குழந்தைகள் காப்பகத்தில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. காத்திருப்போர் பட்டியல் நீளம், மிலிட்டரி சைல்ட்கேர் தளத்தில் இன்றே பெயர் கொடுங்கள். ஜெர்மனி முகாமும் உறுதியான உடனே அங்கேயும் பெயர் கொடுத்துவிடுங்கள். டெக்சாஸில் பணியில் இருக்கும் ராணுவத்தினரின் குழந்தைக்கு அரசுப் பள்ளியில் நான்கு வயதில் ப்ரீ-கே என்ற மழலையர் வகுப்பு இலவசம். சில பள்ளி மாவட்டங்களில் மூன்று வயதிலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் விசாரியுங்கள்.

கடைசியாக ரெஸ்யூமே. நீங்கள் அனுப்பியிருந்ததில் "டேலியில் பதிவு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ். வேலை" என்று ஒரு வரி இருக்கிறது. கில்லீனில் ஓர் அலுவலக மேலாளர் இதைப் படித்தால் மூன்று வார்த்தையும் அவருக்குப் புரியாது, புரியாததைத் தள்ளி வைத்துவிடுவார். அதே வேலையை அவர் மொழியில் எழுதுங்கள். டேலி என்பது கணக்கு மென்பொருள், "புக்கீப்பிங்" என்று போடுங்கள். ஜி.எஸ்.டி. என்பது விற்பனை வரித் தாக்கல். டி.டி.எஸ். என்றால் சம்பளத்திலும் பில்லிலும் பிடித்த வரி, இங்கே அதை "வித்ஹோல்டிங்" என்பார்கள். எத்தனை கட்சிக்காரர்கள், மாதத்துக்கு எத்தனை பில், வங்கிக் கணக்கு ஒப்பிட்டது எத்தனை, எண் போடுங்கள். நீங்கள் சேர்ந்த 2018-ல் ஜி.எஸ்.டி. வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கடைக்காரர்கள் பில் புத்தகத்தோடு வந்து நின்றிருப்பார்கள், நீங்கள்தான் புரிய வைத்திருப்பீர்கள். "புதிய வரி முறைக்கு மாறிய சிறு வணிகர்களுக்கு உதவினேன்" என்பது ஒரு வரி. உங்கள் பி.காம். வீண் இல்லை என்பதற்கு ஆதாரமும் அந்த வரிதான்.

இடைவெளியை மறைக்க வேண்டாம், விளக்கவும் வேண்டாம். "2020 முதல்: ராணுவ மாறுதலால் இடப்பெயர்வு, கேன்சஸ், டெக்சாஸ்" என்று ஒரே வரி. ராணுவத் துணைவர்களை எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்ட நிறுவனங்கள் எம்.எஸ்.இ.பி. என்ற கூட்டமைப்பில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அங்கே இந்த வரியை மேலேயே போடுங்கள். உள்ளூர்ச் சின்ன அலுவலகமாக இருந்தால் கீழே தள்ளிவிடுங்கள், இவள் எத்தனை நாள் இருப்பாளோ என்று யோசிப்பவர்கள் அங்கே அதிகம். வீட்டா சான்று வந்ததும் அதை அந்த வரிக்கு நேர் மேலே சேர்த்து எனக்கு இன்னொரு முறை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா